பாறு முட்டைக்கு ஒரு பாராட்டு விழா

கொட்டாம்பட்டிப் பக்கம் ஆடு மேய்க்கும் கண்ணுச்சாமியை உலகத்துக்கே தெரியும். உள்ளூரில்தான் ஒருத்தரும் சட்டை செய்யமாட்டார்கள். கண்மாய்க்கரை மருதமரத்தில் ஒரு ஜோடி செந்தலைப் பாறு கூடு கட்டியிருந்தது. செத்த மாட்டைத் தின்னும் கழுகு. உலகத்திலேயே அழியும் நிலையில் இருக்கிற இனம்; வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. அதற்காகவே அவர் ஆட்டுக்கு மணி கட்டமாட்டார். இருமல் வந்தால் தூரத்து வரப்புக்கு ஓடிப்போய் இருமிவிட்டு வருவார்.

இதை யாரோ படம் பிடித்து அனுப்ப, வெளிநாட்டு அமைப்பொன்று அவரைப் 'பாறு காவலர்' ஆக்கிவிட்டது. ஆக்கினால் சும்மா விடுவார்களா? அந்த அமைப்பின் மதுரை காளவாசல் கிளை அலுவலகத்திலிருந்து செல்வக்குமார் போன் செய்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம மரத்தடியிலயே ஒங்களுக்குப் பாராட்டு விழா. கொட்டு, வேட்டு எல்லாம் சொல்லியாச்சு."

"சார், முட்ட பொரிக்க இன்னும் பத்து நாளு கெடக்கு. சத்தம் கேட்டா பறந்து போயிரும். பொறவு வச்சுக்குவமே."

"மாசக் கடைசிக்குள்ள அறிக்கை போகணும்ணே. மரத்தோட சேத்து ஒங்க படம் வேணும், அம்புட்டுத்தான்."

மனுஷனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு காலை, வேறு வழி தெரியாமல் ஒரு பொய் சொன்னார்: "வராதீக சார். எங்க பெரியப்பா தவறிட்டாரு." துக்க வீடென்றால் விழா தள்ளிப்போகும் அல்லவா?

பாவி மனுஷன், மதுரைக்காரரிடம் போய் எழவு சொன்னாரே! செல்வக்குமார் தங்கமான ஆள். காவலர் வீட்டுத் துக்கத்துக்குப் போகாமல் இருப்பாரா? அதே கொட்டுக்காரர்கள், இரண்டு மடங்கு வேட்டு, சிம்மக்கல்லில் வாங்கிய ஆளுயர ரோஜாமாலை, அடித்துப் பிடித்து அச்சடித்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். பெரியப்பா படம் கிடைக்காததால் அதில் ஓர் அமெரிக்கக் கழுகு. பதினோரு மணிக்கு வேன் வந்து நின்றது. செல்வக்குமாருக்குக் கண்ணுச்சாமியின் வீடு தெரியாது. தெரிந்த ஒரே இடம் மருதமரம். அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். அடேயப்பா, அது என்ன கொட்டு, அது என்ன வேட்டு!

பாறு இரண்டும் எழும்பின. கண்மாயைத் தாண்டின, மலையையும் தாண்டின. கண்ணுச்சாமி ஆட்டை விட்டுவிட்டு ஓடிவந்து சேர்வதற்குள் கூட்டைச் சுற்றிக் காக்கைகள் இறங்கிவிட்டன. முட்டை ஓட்டுத் துண்டு ஒன்று அவர் காலடியில் வந்து விழுந்தது.

செல்வக்குமார் ரோஜாமாலையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டார். "பெரியப்பாவ எங்கண்ணே கெடத்திருக்கீங்க? மால போடணும்."

கண்ணுச்சாமி குனிந்து அந்த ஓட்டை எடுத்து, மரத்தின் வேரில் வைத்தார்.

"இங்கதான் சார். போடுங்க."