பாஞ்சாலை கட்டிய அதிகாரி வேஷம்

பாஞ்சாலைக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க வரிசையில் நிற்கும்போதுகூடக் கால் மாற்றிக்கொண்டே இருப்பாள். 1974இல் அந்தத் தவிப்பு இன்னும் கூடியது. இந்த மலையிலேயே பிறந்தவள்; ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குரிய சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசி. குடிமக்களுக்குரிய நீல ஐசி வேண்டுமென்றால் தானா ராத்தா டவுன் ஆபீசில் அதிகாரியின் கேள்விகளுக்கு மலாயில் பதில் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் தோட்டத்திலிருந்து போன மூன்று பேரும் மலாய் வராமல் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள்.

கோயில் திருவிழாவுக்கு வருஷாவருஷம் நாடகம் போடுபவர் லோரி டிரைவர் சிவசாமி. ஊர் சுற்றி மலாய் பழகியவர். பாஞ்சாலை அவரைத் தேடிப் போனாள்.

"அண்ணே, இந்த வருஷம் ராஜா கதை வேணாம்லா. ஐசி ஆபீஸ் நாடகம் போடுவோம். கேள்வி, பதிலு எல்லாம் மலாய்ல. செவப்பு ஐசிக்காரங்கதான் நடிக்கணும்."

பெண்கள் மேடையேறினால் கோயில் தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டாரே என்று சிவசாமி இழுத்தார்.

"அவரு சம்சாரத்துக்கும் செவப்புதான்" என்றாள் பாஞ்சாலை.

பாஞ்சாலையோடு பதினோரு பேர் சேர்ந்தார்கள். அதிகாரி வேஷத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. பாஞ்சாலையே கட்டிக்கொண்டாள். மூன்று மாதம், வேலை முடிந்த சாயங்காலங்களில் நடந்துகொண்டே கேள்வி கேட்டாள்; அதட்டினாள். பெயர் சொல்லவே நடுங்கிய செல்லம்மா அதட்டலுக்கு நிமிர்ந்து பதில் சொல்லத் தொடங்கினாள். கூத்தாடிகள் என்று கேலி பேசியவர்களே திருவிழாவன்று கீழே இருந்து பதில்களைக் கத்தினார்கள்.

அடுத்த மாதம் எல்லோரையும் சிவசாமி தானா ராத்தாவுக்கு லோரியில் அழைத்துப் போனார். அங்கே அதிகாரி பாஞ்சாலையிடம் அவள் பெயரைக் கேட்டார். கேட்டே பழகிய நாக்கு அடுத்த கேள்வியை எடுத்துவிட்டது: நீ எங்கே பிறந்தாய்? அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி மறுபடி கேட்டார்; அவளும் மறுபடி அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

ஒன்பது பேருக்குக் கிடைத்தது. அவளுக்கும் கூட நடித்த சின்னக்கருப்பனுக்கும் இல்லை. பிறகு செல்லம்மா தினமும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டாள்; பாஞ்சாலை பதில் சொல்லிப் பழகினாள். இரண்டு வருஷம் கழித்து பாஞ்சாலைக்கும் நீல ஐசி வந்தது.

1978 தேர்தலில் பத்துப் பேரும் சேர்ந்தே ஓட்டுப் போடப் போனார்கள். இன்னும் சிவப்பு ஐசியோடு இருந்த சின்னக்கருப்பனும் துணைக்கு வந்து, சாலையோரம் நின்றிருந்தார். ஓட்டுப் போட்டு வந்த பாஞ்சாலையால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் வாங்கண்ணே" என்றாள். "கேள்வி, பதிலு எல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."