காசிம் பாய் கடையில் கலப்படம் கண்டுபிடித்தேன்

போன வாரம் கொடைக்கானல் பஜாரில் ஒரு நல்ல மனிதரைத் திருடனாக்கிவிட்டு வந்தேன்.

நான் மிஷன் ஸ்கூல் கெமிஸ்ட்ரி வாத்தியார். 'ஆல்கீனில் இரட்டைப் பிணைப்பு இருக்கும். புரோமின் தண்ணீர் விட்டால் அதைச் சேர்த்துக்கொள்ளும். செம்பழுப்பு நிறம் போய்விடும்' என்று வருஷா வருஷம் போர்டில் எழுதுகிறவன். எதோடு எது சேர்ந்தால் என்ன வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்... கேட்காவிட்டாலும் சொல்வேன்!

காசிம் பாய் கடையில் யூகலிப்டஸ் தைலம் வாங்கப் போயிருந்தேன். அம்பாசடரில் வந்திறங்கிய மதுரைக்காரர் ஒருவர், "இதுல டர்பன்டைன் கலப்பாங்களாமே?" என்றார்.

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஓடினேன் ஸ்கூல் லேபுக்கு. புரோமின் தண்ணீரோடு திரும்பியபோது மதுரைக்காரரோடு ஒரு கூட்டமே காத்திருந்தது.

"தைலத்தின் முக்கியச் சரக்கில் இரட்டைப் பிணைப்பு கிடையாது. டர்பன்டைனில் உண்டு. ஆகவே, நிறம் போனால் கலப்படம்!" கூட்டத்துக்கு ஒரு லெக்சர். பாயின் தைலத்தில் நாலு சொட்டு விட்டுக் குலுக்கினேன்.

நிறம் போயே போய்விட்டது!

மதுரைக்காரர் எடுத்த பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டுக் காரில் ஏறினார். பாய் சத்தம் போடவில்லை.

"சார், இருபது வருசமா இதான் என் சோலி. நாளைக்கு வெள்ளனே வடகவுஞ்சிக்கு வாங்க. தைலம் காய்ச்சுறப்ப கூடவே நின்னு பாருங்க."

போனேன். என் கண்ணெதிரே இலையை அண்டாவில் திணித்து அடுப்பு மூட்டினார்கள். குழாய் வழியே சொட்டிய தைலத்தை நானே சீசாவில் பிடித்தேன். நானே புரோமின் தண்ணீர் விட்டேன்.

அதிலும் நிறம் போய்விட்டது.

பாய் என் முகத்தையே பார்த்தார். "என்னங்க சார்... மரமே கலப்படம் பண்ணுதோ?"

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். தைலம் பற்றிய பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது — அசல் தைலத்திலும் இரட்டைப் பிணைப்புள்ள சரக்கு கொஞ்சம் இயற்கையாகவே உண்டாம். இத்தனை வருஷமாகப் பாடம் நடத்தியவன் அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்ததில்லை!

மறுநாள் பஜாரில் நின்று, "தப்பு என்னுது" என்று உரக்கச் சொன்னேன். பழி சொன்னபோது முப்பது பேர் நின்ற இடத்தில், மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்.

"விடுங்க சார்," என்றார் பாய். "ஆனா அந்த மதுரைக்காரரு ஊருல போய்ச் சொல்லியிருப்பாரே... அவருக்கு யாரு போய்ச் சொல்றது?"

அதனால்தான் இந்த வாரம் இதைப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

மதுரைக்கார ஐயா, காசிம் பாயின் தைலம் அசல். தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லுங்கள் — கூடவே அந்த வாத்தியாரை நாலு வார்த்தை திட்டினாலும் சரிதான்!