ரமணன் அண்ணாவின் முழங்கால்

ரமணன் அண்ணா போய்விட்டார் என்று அவருடைய மனைவி சுகந்தி தொலைபேசியில் சொன்னபோது, கனடாவின் அஜக்ஸ் நகரில் ஒரு கடை வாசலில் பால் பையோடு நின்றிருந்தேன். என்ன கேட்பதென்று தெரியாமல், "முழங்காலிலை ஏதும் ஒப்பரேஷன் செய்தவரோ?" என்று கேட்டுவிட்டேன்.

"முழங்காலோ? அவருக்கு அதிலை ஒருநாளும் நோவு இருந்ததில்லையே அக்கா. ஹார்ட் அட்டாக்."

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரைப் பிள்ளைகளுக்கு, பனித்தரையில் சறுக்கி ஆடும் ஐஸ் நடனம் பழக்கிய கோச்சாக அறிவீர்கள். அதற்கு முன் ஒன்பது வருடம் அவருடன் சோடியாகப் போட்டிகளில் ஆடியவள் நான். ஒரு பொடியனின் கையைப் பிடித்து ஆட என் அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார்: "அண்ணா எண்டுதான் கூப்பிட வேணும்." ஆகவே காதல் இசைக்கு அவர் கண்ணைப் பார்த்து உருகியபடியே, "அண்ணா, மெல்ல, மெல்ல" என்பேன். சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார், பாவம்.

கடைசி வருடம் மூன்று போட்டிகளிலும் விழுந்தேன். ஒவ்வொரு முறையும் அவரையும் இழுத்துக்கொண்டுதான் விழுந்தேன். மூன்றாவது போட்டி முடிந்து கார் நிறுத்துமிடத்தில் சொன்னார்: "என்ரை முழங்கால் போச்சு. இனி என்னாலை ஏலாது." வேறு சோடி தேட எனக்கு வயது கடந்துவிட்டது. அவருடைய முழங்காலால்தான் என் ஆட்டம் போனதென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது அவர் காதுக்கும் போயிருக்கும். ஒரு சொல் மறுத்ததில்லை.

பிறகு கோபம் ஆறி, என் மகளையே பத்து வருடம் அவரிடம் பழக விட்டேன். "விழுறது பிழையில்லை, பிள்ளை. விழுந்த இடத்திலை இருந்து யோசிக்காதை, எழும்பு" என்பார். நான் ஐஸ் அரங்கிற்குள் போனால் கொஞ்சம் நொண்டுவார். "இன்னும் நோகுதோ?" என்றால், "குளிருக்கு அப்பிடித்தான்" என்று தடவிக்கொள்வார்.

இறுதிச் சடங்கு முடிந்து வரும்போது காரில் மகளிடம் கேட்டேன்.

"கோச் நொண்டினவரோ? நோ வே, அம்மா. எங்களோடை ரேஸ் ஓடுவார். நீங்கள் வரேக்கை மட்டும்தான் நொண்டுவார். உங்கள் ரெண்டு பேருக்கும் இடையிலை ஏதோ பகிடி எண்டு நினைச்சன்."

என் கால்கள் தளர்ந்துவிட்டதை முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் பழியைத் தன் முழங்காலில் போட்டுக்கொண்டாரா? இல்லை, என்னோடு விழுந்து விழுந்து அலுத்துப்போய்க் கழற்றிவிட்டாரா? ஒரு நேரம் அழுகிறேன், ஒரு நேரம் அவர்மேல் எரிச்சல் வருகிறது. அவரோடு பழகியவர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அதுவரை நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: நோவே இல்லாத ஒரு மனிதர் எனக்காக மட்டும் பத்து வருடம் நொண்டினார். ஒருநாள்கூடக் கால் மாறி நொண்டவில்லை.