வரைபடத்தில் நாலு மணி நேரம்

ஓமானின் சலாலாவில் தென்னையும் வாழையும் எங்கள் பக்கம் போலவே நிற்கின்றன. அந்த நிழலில் நான் சீவிக் கொடுக்கும் இளநீருக்கு அரபியில் பேரம் பேசுகிறார்கள். பதினாறு வருடமாகியும் என் கண்ணும் காதும் ஒரே ஊரில் இருந்ததில்லை.

மகளுக்கு நிக்காஹ் முடிவானதும் கடை முதலாளியிடம் லீவு கேட்டேன். எந்த ஊர் என்றார். காயல்பட்டினம் அவருக்குத் தெரியாது என்று, விமான நிலையம் இருக்கிற தூத்துக்குடியைச் சொன்னேன். கைப்பேசியில் இரண்டு ஊரையும் தட்டினார். கடல்மேல் ஒரு நீலக்கோடு விழுந்தது. "நாலு மணி நேரம்கூட இல்லையே! வியாழன் போ, திங்கள் வா. கலாஸ், முடிந்தது," என்று தோளில் தட்டினார். அந்தக் கோட்டில் எந்த விமானமும் ஓடவில்லை. மஸ்கட்டில் மாறி, சென்னையில் மாறி, காத்துக் கிடந்து போய்ச்சேர ஒரு நாள் ஆகும். அதைச் சொல்ல என் அரபி போதாது. நல்ல மனிதரை மறுத்துப் பேசக் கூச்சம் வேறு. "ஐவா" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். இந்த நாட்டில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பின் நிக்காஹ். பெண்ணைப் பெற்றவன் தன் வாயால் 'மணமுடித்துத் தந்தேன்' என்று சொல்ல வேண்டும். மகளின் பள்ளிக்கூடக் கையெழுத்தெல்லாம் என் தம்பி போட்டதுதான். இந்த ஒரு சொல்லையாவது நான் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

சென்னையில் அரை நாள் காத்திருந்தேன். விமானம் தாமதம் என்றார்கள். தம்பி போனில் வந்தான்.

"காக்கா, இங்கன மழ கொட்டுது. ஏறதுக்கு முன்னால என்னய வக்கீலாக்கிச் சொல்லிருங்க. நீங்க வரலேன்னா ஒங்களுக்குப் பதிலா நான் சொல்லிருதேன்."

"நான் வந்துருவேன்ல. ஒன்றரை மணி நேரம்தான்."

"பிளேன் என்ன பஸ்ஸா காக்கா, நெனச்ச எடத்துல எறங்கிக்கிட? மாப்பிள்ள வீட்டுக்காரங்கள எவ்வளவு நேரம் உக்கார வைக்க?"

வரிசை நகர்ந்தது. "அஸருக்குள்ள நான் வரலேன்னா, என் மவளுக்கு நீயே வக்கீல்," என்றேன். பின்னால் நின்றவர் என்னைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டேன்.

தூத்துக்குடிக்கு மேலே வந்தோம். மேகம் விலகிய இடத்தில் உப்பளம் தெரிந்தது. பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர். உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். கடலுக்குப் போய்த் திரும்பி, மறுபடி சுற்றினோம். இறங்க முடியவில்லை, மதுரைக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். கைக்கடிகாரத்தில் ஐந்தாகப் போகிறது. கீழே தம்பி அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருப்பான். நானும் உதட்டுக்குள் சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து, "ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி," என்று கையைப் பிடித்தார். அவருக்கும் ஆமாம் என்றேன்.

மதுரையில் இறங்கியதும் மகளைக் கூப்பிட்டேன்.

"முடிஞ்சிட்டு வாப்பா. சாச்சா நல்லா சத்தமாச் சொன்னாஹ." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த நேரம் மேல ஒரு பிளேன் சத்தம் கேட்டுச்சு. உங்க வாப்பாதான்னு உம்மா சொன்னாஹ. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல."

ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டு, திங்கட்கிழமை கடைக்குத் திரும்பினேன். "நாலு மணி நேரம்தானே, சுகமாகப் போய் வந்தாயா?" என்றார் முதலாளி. "ஐவா" என்றேன்.

இப்போதெல்லாம் மஸ்கட் விமானம் தலைக்கு மேலே போகும்போது அரிவாளைத் தாழ்த்திக்கொள்கிறேன். சத்தம் முழுவதும் தேய்கிற வரைக்கும் பாதி சீவிய இளநீர் கையிலேயே இருக்கும். வாங்க வந்தவர்கள் காத்திருக்கிறார்கள்.