அம்மா இரண்டு தடவை சொன்ன பெயர்

நான் செத்துப்போய் முப்பத்து மூன்று வருடங்கள் ஆகிவிட்டன என்பதை ஈப்போவில் பதிவு அலுவலகத்து முகப்பில் நின்றுகொண்டுதான் தெரிந்துகொண்டேன். 1984ஆம் ஆண்டு, பள்ளி விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை காலை. இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பீர்கள். நானும் அன்று சிரிக்கத்தான் பார்த்தேன். வரவில்லை.

என் பெயர் சாராள். அப்போது ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாக ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் தேவராஜ் வேலை மாற்றலாகிக் கோலாலம்பூருக்குப் போயிருந்தார். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஓர் அனைத்துலகப் பள்ளியில் ஆசிரியை தேவை என்று பத்திரிகையில் பார்த்து எழுதிப் போட்டேன். நேர்காணலுக்குப் போனேன். வேலை உனக்குத்தான் என்றார்கள், ஆனால் எல்லாப் பத்திரங்களும் சரியாக இருக்க வேண்டும் என்றார்கள்.

அந்த "எல்லாப் பத்திரங்களும்" சாதாரணமாக இல்லை. இதுவரை வேலை பார்த்த ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்தும் கடிதம். போலீஸில் நன்னடத்தைச் சான்று. பழைய நகல் எதுவும் செல்லாது, பிறப்புப் பத்திரத்தைப் பதிவு அலுவலகத்திலிருந்து புதிதாக எடுத்து வர வேண்டும். முன்பு ஒருவர் பொய்ப் பத்திரங்களோடு வந்து சேர்ந்து பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்துவிட்டாராம். அதிலிருந்து இப்படி. நியாயம்தான் என்று எனக்கே பட்டது. பொய்ப் பத்திரக்காரர்களை மனதுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டேதான் அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

முகப்பில் இருந்த தமிழ்ப் பெண் பெரிய பதிவேட்டைப் புரட்டினாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் குனிந்தாள்.

"டீச்சர், இது உங்க பொறப்புச் சூராட்தானா?"

"ஆமாம்."

"இதுல எறந்துட்டாங்கன்னு எழுதியிருக்கு லா. ஏழு மாசக் கொழந்த. காய்ச்சல்."

அப்பா பெயர் மாணிக்கம், சரி. அம்மா பெயர் சரி. அவர்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தின் பெயரும் சரி. பக்கத்து ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி. என் கையிலிருந்த அடையாள அட்டையையும் அந்த வரியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

நேராக ஜெலாப்பாங்குக்குப் பஸ் ஏறினேன். தோட்டத்தை முதலாளி விற்ற பிறகு அம்மா அங்கே என் தம்பி வீட்டில் இருந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். அம்மாவின் கை நின்றது.

"அது உன் அக்கா. உனக்கு முன்னாடி பொறந்தவ. அவளுக்கும் சாராள்னுதான் பேரு வெச்சோம்."

"எனக்கு ஏம்மா அதே பேரு?"

"நீ பொறந்தப்ப அவளே திரும்பி வந்துட்டான்னு நெனச்சேன். அப்பா பதியணும்னு கெளம்புனாரு. கிராணிதான், 'சூராட்டு இருக்கே, பேரும் அதே பேரு, இன்னொன்னு எதுக்கு'ன்னாரு. எங்களுக்கு என்னா தெரியும்? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் அவ செத்ததையும் எழுதி அனுப்பிட்டாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

தோட்டத்து அலுவலகக் கணக்குப்பிள்ளையைத்தான் கிராணி என்போம். அவர் சொன்னால் அப்பாவுக்கு அது சட்டம். அக்காவுக்கும் எனக்கும் இரண்டு வயது வித்தியாசம். அப்போதுதான் பல விஷயங்கள் புரிந்தன. முதல் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தால் என் கால் தரையைத் தொடாது. "ஏழு வயசுக்கு இது என்னா சுண்டெலி" என்று வாத்தியார் சிரிப்பார். எனக்கு அப்போது ஐந்து வயது. பெண்ணுக்கு இரண்டு வயது குறைவது என்றால் யாருக்குத்தான் கசக்கும் என்று இன்று கேலி செய்துகொள்கிறேன். அன்று அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. அம்மா ஜெபம் பண்ணும்போது என் பெயரை மட்டும் இரண்டு தடவை சொல்வார். "சாராளை உம்ம மடியில வெச்சுக்கும். சாராளைக் காத்துக்கும்." என்மேல் இரட்டிப்புப் பிரியம் என்று சின்ன வயதில் தம்பியிடம் பெருமையடித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. பள்ளி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தால் கை நகராது. இது அவள் பெயர். என் தேர்வுச் சான்றிதழ்கள், பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம், எல்லாம் அவள் பெயரில், அவள் பிறந்த தேதியில். மாணவிகள் "டீச்சர் சாராள்" என்று கூப்பிட்டால் எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் திரும்பிப் பார்ப்பேன். வகுப்பில் காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்க்கப் பயந்தேன். ஏழு மாதக் குழந்தை யாரையும் பயமுறுத்தாது. ஆனாலும் பயந்தேன். அவளுடைய வாழ்க்கையைத் திருடிக்கொண்டு நடக்கிறேன் என்ற நினைப்பு போகவே இல்லை. புதிய வேலை இருக்கட்டும், இருக்கிற வேலையும் போய்விடும், ஆள்மாறாட்டம் என்று பிடித்துப் போவார்கள் என்றுகூட நினைத்தேன்.

தேவராஜ் சாதாரணமாகச் சொன்னார்: "பழைய காப்பில ஹெட்மாஸ்டர்கிட்ட 'உண்மை நகல்'னு ஒரு சாப் அடிச்சு அனுப்பிடு லா. யார் பாக்கப் போறா?" இரண்டு நாள் அந்த நகலைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அனுப்பத்தான் நினைத்தேன். பொய்ப் பத்திரக்காரர்களைத் திட்டிய அதே வாய்!

எங்கள் சபையில் "சொல்லாத விண்ணப்பம்" என்று ஒரு பழக்கம் உண்டு. காரணம் சொல்லாமல் கையை மட்டும் தூக்கினால் சபை ஜெபிக்கும். மூன்று ஞாயிறு கையைத் தூக்கினேன். "கர்த்தாவே, இந்த வேலை எனக்குக் கிடைக்கட்டும், யாருக்கும் தெரியாமல் இது முடியட்டும்" என்று மன்றாடினேன். ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது ஞாயிறு முழங்காலில் நின்றபோது என் வாயிலிருந்து வேறு ஜெபம் வந்தது. "ஆண்டவரே, நான் யார் என்று நீராவது சொல்லும்." அழுகை தாங்கவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சபைக்கு முன்னால் சொல்லிவிட்டேன். இறந்த அக்காவின் பத்திரத்தில் வாழ்கிறேன், நான் பிறந்ததற்குச் சாட்சியே இல்லை என்றேன். உபதேசியார் ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதியிருப்பார் என்று அம்மா சொன்னதையும், ஆனால் தோட்டத்துக் கோயிலையே இடித்துவிட்டார்களே என்பதையும் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எஸ்தர் அம்மா. நாலு வருடமாக எனக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுகிறவர். எங்கிருந்து வந்தவர் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"நீ மாணிக்கம் மகளா? அந்தத் தோட்டத்து லயத்து வீடுங்களுக்கு மருத்துவச்சியா இருந்தது நான்தாம்மா. ரெண்டு பேரையும் நான்தான் கையில வாங்குனேன். மொதல்ல பொறந்தவளுக்கு வலது காதுல மச்சம் இருந்துச்சு. ஒனக்கு இல்ல."

என் கை தானாகக் காதுக்குப் போனது.

"கோயில இடிக்கறப்ப சாமான், பொஸ்தகம் எல்லாத்தையும் லாரில ஏத்தி இங்கதான் கொண்டாந்தாங்க. உள்ளாற அந்த அலமாரில பாத்தீங்களா?"

அந்த அலமாரி. ஞாயிறு பள்ளிக்கு நான் சாக்கட்டியும் பாட்டுத் தாள்களும் வைக்கிற அலமாரி. சாவி என் கைப்பையில்தான் இருந்தது. வாரம் தவறாமல் நான் திறந்து மூடிய அதே அலமாரியின் அடித்தட்டில், பழைய பத்திரிகை சுற்றிய கட்டுக்குள் அந்தப் புத்தகம் இருந்தது. போதகர் பக்கங்களைத் திருப்பினார். "சாராள், மாணிக்கம் மகள்." பக்கத்தில் ஒரு சிலுவைக்குறி, அடக்கம் செய்த தேதி. சில பக்கங்கள் தள்ளி மறுபடியும், "சாராள், மாணிக்கம் மகள்." அதன் கீழே உபதேசியார் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: "முன்னவள் இறந்தபின் பிறந்தவள்." அந்த வரியில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளே அனைத்துலகப் பள்ளித் தலைமையாசிரியைக்கு நடந்ததை முழுவதும் எழுதினேன். இந்த வருடம் காத்திருக்க முடியாது, பத்திரம் சரியானதும் எழுது என்று பதில் வந்தது. வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். பதிவு அலுவலகத்துக்கு எஸ்தர் அம்மாவும் என் அம்மாவும் வந்து சத்தியம் செய்தார்கள். "என்னையப் புடிச்சுக்கிட்டு போயிருவாங்களா?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டார். அதிகாரி கொஞ்சம் திட்டினார், அவ்வளவுதான். பல மாதம் அலைந்து எனக்கென்று ஒரு பிறப்புப் பத்திரம் வந்தது. கல்வி இலாகா என் பிறந்த தேதியைத் திருத்திக்கொண்டது. 1986 ஜனவரியில் அதே அனைத்துலகப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். நாங்கள் விசாரிக்கும் முன்பே தன் குறையைத் தானே எழுதிய ஆளை மறக்க முடியவில்லை என்றார் அந்தத் தலைமையாசிரியை.

சேர்வதற்கு முன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். குழி எந்த இடம் என்று அம்மாவுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் இங்கும் அங்கும் நடந்து பார்த்துவிட்டு, ஓரமாக நின்று, "சாராள்!" என்று சத்தமாகக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற நான் பதில் சொல்லவில்லை.

இன்றும் சில நாள் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது அவள் நினைவு வந்து உட்காரும். வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். பயம் போய்விட்டது, அவள் போகவில்லை. என்னை அறிந்து, எனக்கு முன்னே அவளையும் அறிந்திருந்த தேவனுக்கு நன்றி சொல்கிறேன். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டிக்கு அடியிலும் இப்படி ஒரு தாள் கிடக்கலாம். கையை மட்டும் தூக்காதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள். உங்களுக்குப் பின்வரிசையில் யாரை அவர் உட்கார வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

அம்மா இன்னமும் ஜெபத்தில் எங்கள் பெயரை இரண்டு தடவைதான் சொல்கிறார். முதல் தடவை நான் வாய் திறப்பதில்லை. இரண்டாவது தடவைக்கு ஆமென் சொல்கிறேன்.