கையில் ஒட்டிய கடல்

என் முதல் ஸ்டால் மாலை நான்கு மணிக்குத் திறக்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு என் மகளின் உள்ளங்கை நீலமாக இருந்தது.

அதுவரை நான் நாடகங்களுக்கு செட் போட்டவள். மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் மீன்பிடிக் கருவிகளின் கண்காட்சி. படகு எஞ்சின் கம்பெனி ஒன்று என்னை நம்பிப் பத்தடிக்குப் பத்தடி இடத்தைக் கொடுத்திருந்தது. பின்சுவர் முழுக்கக் கடல் வரைந்திருந்தேன். கணவருக்குக் கல்பாக்கத்தில் காலை ஷிப்ட். பதினொரு மாதக் குழந்தையை வேலையிடத்துக்குத் தூக்கி வந்தது தப்போ என்று விடிந்ததிலிருந்தே மனம் அடித்துக்கொண்டது.

"யம்மா, பாப்பா கையப் பாரு. கடலு ஒட்டிக்கினு கீது," என்றார் தச்சர் ஏழுமலை.

குழந்தை சுவரைப் பிடித்து நின்றிருந்தாள். அவள் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். வாயில் வைத்தாளோ என்று நாக்கையும் பார்த்தேன். பிறகுதான் சுவர் நினைவுக்கு வந்தது. நாடகத்துக்குச் செய்வதுபோல பவுடர் கலரை வஜ்ஜிரப் பசையில் கலந்திருந்தேன். விளக்கில் பளபளக்காது, உரசினால் ஒட்டும். மேடையில் பின்திரையை யாரும் தொடுவதில்லை. இங்கே வெள்ளைச் சட்டையோடு சாய்ந்து நின்று பேசுவார்கள்.

"மேல வார்னிஷ் அடிச்சா?" என்றேன்.

"நாலு மணிக்குள்ள காயாதும்மா. பளபளன்னு வேற ஆய்டும்."

மேடையில் தூரம் காட்ட மெல்லிய துணியை முன்னால் தொங்கவிடுவோம் என்று சொன்னேன்.

"துணி இன்னாத்துக்கு? சதுரங்கப்பட்டினத்துல என் மச்சான் வூட்ல வலை கீது," என்று மொபெட்டை எடுத்தார்.

சுவருக்கு இரண்டடி முன்னால் வலையை இறுக்கிக் கட்டினோம். இனி யாரும் சுவரில் சாய முடியாது. இடையில் விளக்கு. கடல் தள்ளிப்போய் ஆழமானது.

மூன்றரைக்கு எஞ்சின் கம்பெனி மேனேஜர் வந்தார். "ஏம்மா, நாம எஞ்சின் விக்கிறோமா, வலை விக்கிறோமா?"

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வலையின் ஒரு முடிச்சை இறுக்கினேன்.

திறந்ததும் வந்த மீனவர்கள் நேராக வலையிடம் போனார்கள். ஒருவர் கண்ணியை விரலால் அளந்தார். "யார் வூட்டு வலை அண்ணாத்த? நல்லா பின்னிகிறான்," என்று ஏழுமலையிடம் கேட்டார். அங்கிருந்து பேச்சு எஞ்சினுக்கு வந்தது. மேனேஜர் அவர்களை விட்டு நகரவே இல்லை.

கிளம்பும்போது, அடுத்த கண்காட்சிக்கும் நானே செய்ய வேண்டும் என்றார். தலையாட்டினேன். அவர் திரும்பி நடந்தபோது சட்டையின் முதுகைப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது.

மேடையிலிருந்து இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அங்கே கற்றது எதுவும் வீணில்லை. ஆனால் இங்கே பார்ப்பவர்கள் தொட்டும் பார்ப்பார்கள். இன்றும் ஸ்டாலை ஒப்படைக்கும் முன் குனிந்து, ஒரு குழந்தையின் உயரத்தில், சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறேன்.