பூச்சட்டியில் வராத கிழவர்

நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது எங்கள் ரீச்சர் ஆளுக்கொரு மண் பூச்சட்டியும் ஒரு படமும் தந்து, பழைய கிரேக்கர்கள் பானைகளில் தங்கள் புராணக் கதைகளைத் தீட்டியதுபோல நாங்களும் தீட்டிவர வேண்டும் என்றார். செம்மண் நிறத்தின் மேல் கறுப்பு உருவங்கள். பக்கத்தில் இருந்தவளுக்குச் சிங்கத்தோடு மல்லுக்கட்டும் வீரன் கிடைத்தான். எனக்குக் கிடைத்தவன் எரிகிற ஊரைவிட்டு ஓடுகிறவன். நடக்க முடியாத தகப்பனை முதுகில் சுமந்திருந்தான். முன்னால் ஒரு சிறுவன் ஓடினான். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

நோர்வேயில், வெஸ்ட்லி என்ற இடத்தில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டில் பள்ளிக்கூடப் படங்கள் எல்லாம் அப்பாவின் பொறுப்பு. பஸ் ஓட்டிவிட்டு வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் குசினி மேசையில் உட்கார்ந்து கீறுவார். அதற்குக் கிடைக்கும் பாராட்டை வகுப்பில் நான் கூச்சமின்றி வாங்கிக்கொள்வேன். அன்றும் தலைக்கவசம், ஈட்டி, சிறுவனின் குட்டிக் கால்கள் என்று மளமளவென்று தீட்டினார். வீரனின் குனிந்த முதுகு முடிந்ததும் தூரிகையை வைத்துவிட்டார்.

"கிழவரை நீ கீறு," என்றார்.

கிழவரின் கால்கள் எனக்குச் சரிவராது என்றேன். அப்படியென்றால் விடு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் ரீச்சர் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தகப்பன் எங்கே என்று கேட்டார். அவர் பின்னால் நடந்து வருகிறார், சட்டியில் இடம் போதவில்லை என்றேன். வகுப்பே சிரித்தது. இந்தச் சாமர்த்தியத்தைப் பின்னேரம் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்காட்டினேன். தம்பி சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை.

"பின்னாலை வாறார் எண்டோ சொன்னனி?"

ஓம் என்றேன். கோப்பையில் பாதிச் சோறு இருக்க, எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா என் பக்கம் குனிந்தார். "இனி உதைக் கதைக்காதை. இடம்பெயரேக்கை அப்பா தன்ரை அப்பாவைச் சனத்துக்குள்ளை தவறவிட்டிட்டார்."

ஒருவர் தவறிவிட்டார் என்றால் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். நோர்வேயில் பிறந்த பிள்ளைக்கு இவ்வளவு தமிழா என்று வருகிறவர்கள் எல்லோரும் மெச்சுவார்கள். அப்பப்பா இறந்துபோனதைத்தான் அம்மா சுற்றிவளைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வயதானவர்கள் இறப்பது வழக்கம்தானே. தலையாட்டிவிட்டு, அப்பாவின் கோப்பையில் மிஞ்சியிருந்த மீன்பொரியலை எடுத்துச் சாப்பிட்டேன்.